ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ்! - லண்டன் மாணவர் காந்தியின் கணக்கு நோட்டு

வெளிநாட்டில் படிக்கும் மாணவர் எப்படிச் சிக்கனமாக இருப்பது? ரூம் வாடகை எவ்வளவு? சமைத்துச் சாப்பிடுவதா, வெளியில் சாப்பிடுவதா? பஸ்ஸா, நடையா? வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது? இந்தக் கேள்விகள் எல்லாம் இன்டர்நெட் வந்த பிறகுதான் கிளம்பின என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுமார் 130 வருடங்களுக்கு முன்பே ஒரு இந்தியர் இவற்றுக்குப் பதில் சொல்லி ஒரு கையேடே எழுதிவிட்டார். அதன் பெயர் 'லண்டன் வழிகாட்டி'. எழுதியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!

ஆமாம், நம்ம காந்தித் தாத்தாவேதான். ஆனால் இந்தக் கதையில் வருபவர் கைத்தடி பிடித்த மகாத்மா இல்லை. தலையில் உயரமான தொப்பி வைத்து, கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையன்.

கடன் வாங்கிப் போன படிப்பு

1888 செப்டம்பர் 4-ம் தேதி காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது வயது 18. பாரிஸ்டர் படிப்புக்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் ஒருவர் கணக்குச் சொல்லியிருந்தார். அப்பா உயிரோடு இல்லை. வீட்டில் அவ்வளவு பணமும் இல்லை. மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம், மூவாயிரம் கிடைக்கும் என்று காந்தியே யோசனை சொல்லியிருக்கிறார். கடைசியில் அண்ணன் லட்சுமிதாஸ், எப்படியாவது புரட்டித் தருகிறேன் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நடுவில் சாதிக்காரர்கள் வேறு! கடல் தாண்டக் கூடாது என்று பம்பாயில் கூட்டம் போட்டுக் காந்தியைச் சாதியை விட்டே தள்ளி வைத்தார்கள். அவருக்கு உதவுபவர்களுக்கும், வழியனுப்பப் போகிறவர்களுக்கும் 1 ரூபாய் 4 அணா அபராதம். பயணப் பணத்தைக் கையில் வைத்திருந்த உறவினர், சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து தர மறுத்துவிட்டார். ஒரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் காந்தி டிக்கெட் எடுத்தார்.

ஆக, லண்டனில் அவர் செலவழித்த ஒவ்வொரு காசும் ராஜ்கோட்டில் அண்ணன் கஷ்டப்பட்டுத் திரட்டி அனுப்பிய காசு. இந்தக் கட்டுரை முழுக்க இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

18 பவுண்டு ஜென்டில்மேன்

மேலே போவதற்கு முன் ஒரு சின்ன வாய்ப்பாடு. அந்தக் கால இங்கிலாந்தில் 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங். 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 1 பென்னிக்கு 4 ஃபார்திங். 21 ஷில்லிங்கை 1 கினி என்பார்கள்.

லண்டனில் இறங்கியதும் விக்டோரியா ஹோட்டலில் தங்கினார்கள். பில் 3 பவுண்டு! காந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்கும் அவர் அங்கே அரைப்பட்டினி. ஒரு பதார்த்தம் பிடிக்கவில்லை என்று இன்னொன்று கேட்டால் இரண்டுக்கும் சேர்த்துக் காசு. அசைவம் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தவர் வேறு. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன பலகாரம்தான் அவரைக் காப்பாற்றியது.

இவ்வளவு பட்டவர் உடனே சிக்கனத்துக்கு மாறியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! சைவமாக இருந்தாலும் நாகரிகத்தில் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்று காட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அவர் 'சத்திய சோதனை'யில் கொடுத்திருக்கும் செலவுகளைப் பட்டியல் போட்டால் இப்படி வருகிறது:

- உயரமான பட்டுத் தொப்பி - 19 ஷில்லிங்
- பாண்ட் தெருவில் தைத்த மாலை நேர சூட் - 10 பவுண்டு
- நடன வகுப்பு, ஒரு டெர்ம் - 3 பவுண்டு
- வயலின் - 3 பவுண்டு
- பேச்சுக் கலை ஆசிரியருக்கு முன்பணம் - 1 கினி

கூட்டினால் சரியாக 18 பவுண்டு. வயலின் வாத்தியார் சம்பளம் இதில் சேரவில்லை. அண்ணனுக்கு எழுதி வரவழைத்த தங்கக் கடிகாரச் சங்கிலியும் சேரவில்லை. நடனத்தில் தாளத்துக்குக் கால் வரவில்லை என்பது தனிக்கதை.

இந்த மோகம் மூன்று மாதம்தான் நீடித்தது. படிக்க வந்த மாணவன் இதையெல்லாம் கற்று என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே உறைத்தது. வகுப்புகளை நிறுத்தினார். வயலினை விற்றுவிட்டார்.

நோட்டு சொன்ன ரகசியம்

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த ஆடம்பர நாட்களிலும் காந்தி கணக்கு எழுதுவதை விடவில்லை. பஸ் கட்டணம், தபால் தலை, பேப்பர் வாங்கிய இரண்டு செப்புக் காசு வரை எல்லாம் நோட்டில் ஏறும். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் வரவு செலவு பார்த்து மீதியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தூக்கம். (காமர்ஸ் மாணவர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!)

அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தது. அவர் ஒரு ஆங்கிலேயக் குடும்பத்தோடு தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாரா வாரம் ஒரு பில். வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தால், வீட்டில் சாப்பிடாத சாப்பாட்டுக்காக அந்தப் பில்லில் ஒரு பென்னி கூடக் குறையாது. மரியாதைக்காக வீட்டுக்காரர்களை எப்போதாவது ஹோட்டலுக்கு அழைத்துப் போக வேண்டும். விருந்துக்குப் போனால் வண்டிச் செலவு. கூட வருபவர் பெண்ணாக இருந்தால் செலவு முழுக்க ஆணுடையது. இது அந்த ஊர் வழக்கம்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் பிரச்சனை அவரது நிலையான செலவில் இருந்தது. பேப்பர் வாங்குவதை நிறுத்தினால் மிச்சமாவது இரண்டு காசு. தங்கும் ஏற்பாட்டை மாற்றினால் மிச்சமாவது பவுண்டுக் கணக்கில். இது கணக்கு எழுதாமல் யாருக்கும் தெரியாது.

செலவைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தார். குடும்பத்தோடு தங்குவதை விட்டுவிட்டு இரண்டு அறைகளைத் தனியாக வாடகைக்கு எடுத்தார். அதையும் எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? போக வேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்தே போகும்படி! அதற்கு முன்பு எங்கே போனாலும் வண்டிதான், உலாவுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மைல் நடை. வண்டிக் கூலி மிச்சம், உடம்புக்கும் வலு. இங்கிலாந்தில் பெரும்பாலும் நோயில்லாமல் இருந்ததற்கு இந்த நடைதான் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஒரு அறை, ஒரு ஸ்டவ், 20 நிமிடம்

இத்தோடு நிற்கவில்லை. மாதம் 8 முதல் 15 பவுண்டு வரை செலவழிக்கும் இந்திய மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உதவித்தொகை இருந்தது. காந்திக்கோ அண்ணன் மட்டும்தான். இன்னொரு பக்கம், வாரம் 2 ஷில்லிங் வாடகையில் சேரிப் பகுதியில் தங்கி, ஒரு வேளைக்கு 2 பென்ஸ் ரொட்டியும் கோகோவும் சாப்பிட்டுப் படித்த ஏழை மாணவர் ஒருவரைப் பற்றியும் தெரியவந்தது. அந்த அளவுக்குத் தன்னால் முடியாது, ஆனால் இரண்டு அறை எதற்கு என்று யோசித்தார். ஒரே அறை போதும், கொஞ்சம் சமையலும் செய்துகொண்டால் மாதம் 4, 5 பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்.

ஒரு ஸ்டவ் வாங்கினார். அந்தக் காலத்து லண்டன் மாணவருக்கு இதுதான் டெக்னாலஜி! காலையில் ஓட்ஸ் கஞ்சியும், கோகோவுக்கு வெந்நீரும். மொத்தம் 20 நிமிட வேலை. மதியம் வெளியில் சாப்பாடு. ராத்திரி அறையில் ரொட்டியும் கோகோவும். இப்படி ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் வாழ்க்கையை ஓட்டினார்.

இப்போது பழைய பட்டியலை எடுத்துக்கொள்வோம். 1 ஷில்லிங் 3 பென்ஸ் என்றால் 15 பென்ஸ். 19 ஷில்லிங் தொப்பியின் விலை 228 பென்ஸ், அதாவது 15 நாள் பிழைப்பு. சூட்டின் விலை 160 நாள். 18 பவுண்டு மொத்தமும் 288 நாள்! மூன்று மாத நாகரிகத்துக்குக் கொடுத்த விலை, ஒன்பது மாதத்துக்கு மேல் சாப்பிடக்கூடிய பணம்.

எளிய வாழ்க்கையில் படிக்க நிறைய நேரம் கிடைத்தது என்றும் காந்தி சொல்கிறார். முதல் முறை லத்தீனில் தோற்ற லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வை இந்தச் சமயத்தில்தான் மறுபடி எழுதிப் பாஸ் செய்தார். 1891 ஜூன் 10-ம் தேதி பாரிஸ்டர் ஆனார். 12-ம் தேதி கப்பல் ஏறிவிட்டார்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

வெளிநாட்டு மாணவரின் வரலாறு என்றால் காந்தி மட்டும் இல்லை. அதே மாதிரி போன இன்னும் இருவரைப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

அம்பேத்கர் 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916-ல் லண்டன் வந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்கள் வந்த கப்பல் உலகப் போரில் டார்பிடோவால் மூழ்கியது. மனிதர் அசரவில்லை. பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அந்தச் சேமிப்போடு, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் நவல் பத்தேனா கொடுத்த 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு 1920-ல் மறுபடி லண்டன் போனார். அங்கே பொது நூலகங்கள்தான் அவருக்கு வீடு மாதிரி. 1923-ல் ரூபாயின் பிரச்சனை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அவர் பணத்தைச் சேமித்தது படிப்புக்காக. படிப்பில் மிச்சம் பிடிக்கவில்லை.

இன்னொருவர் நம்ம கும்பகோணத்துக்காரர், கணித மேதை ராமானுஜன். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு கொடுத்தது. பணத்துக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் சுத்த சைவம், அறையில் தானே சமையல், கணக்கில் மூழ்கினால் நேரம் காலம் கிடையாது. போதாததற்குப் போர்க்காலப் பற்றாக்குறை. 1917-ல் படுத்தவர் முழுதாகத் தேறவே இல்லை. 1919-ல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் இறந்தார். அவருடைய நோய் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சாப்பாடு ஒழுங்காக இல்லாதது உடம்புக்கு நல்லது செய்திருக்காது என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். காந்தியின் கஞ்சி நேரத்துக்கு வெந்தது. ராமானுஜனின் சமையல் அப்படி இல்லை.

அம்மாவின் செய்தி

இனி தகவல் தொடர்புக்கு வருவோம். 1870-லேயே கடலடிக் கேபிள் பம்பாயையும் லண்டனையும் இணைத்துவிட்டது. ஆனால் தந்திக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. சாதாரணக் குடும்பங்களுக்குக் கடிதம்தான். அது கப்பலில் வாரக்கணக்கில் போகும்.

காந்தி பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது அம்மாவைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தார். அம்மா புத்லிபாய் அவர் லண்டனில் இருந்தபோதே இறந்துவிட்டார் என்று அப்போதுதான் அண்ணன் சொன்னார். அந்நிய மண்ணில் தனியாக இருக்கும் தம்பி தாங்கமாட்டான் என்று மறைத்து வைத்திருந்தார்களாம். இன்று வாட்ஸ்அப்பில் தினமும் அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இந்த வலி புரிவது கஷ்டம். கருவிகள் வரும், போகும். 2003-ல் வந்து லட்சக்கணக்கான மாணவர்களின் போன் செலவை மிச்சப்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. எந்தக் கருவியாக இருந்தாலும் வீட்டுக்குப் பேசுவதில் சிக்கனம் வேண்டாம்.

வரலாறு தரும் டிப்ஸ்

1. தினமும் படுக்கும் முன் கணக்கு எழுதுங்கள். நோட்டோ, மொபைலோ எதுவானாலும் சரி. காந்தி பின்னாளில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தைக் கடனில்லாமல் கையாண்டதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்கிறார்.
2. முதலில் பெரிய செலவைக் குறையுங்கள். காபியைக் குறைப்பதற்கு முன் வாடகையைப் பாருங்கள்.
3. நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள்.
4. சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு வாங்கும் மெஸ், பயன்படுத்தாத மாதச் சந்தா இரண்டும் ஒன்றுதான்.
5. புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது. உடம்புக்கு மாற்று இல்லை. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக அந்தக் கையேடு

பாரிஸ்டர் ஆகிவிட்டால் பணம் கொட்டும் என்றுதான் அண்ணன் நம்பியிருந்தார். நடந்தது வேறு. பம்பாயில் முதல் வழக்கில் காந்தி எழுந்து நின்றார், வாய் வரவில்லை, 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1893-ல் வருடம் 105 பவுண்டு சம்பளத்துக்குத் தென்னாப்பிரிக்கா போனார்.

அங்கே இருந்தபோது, 1893-94 வாக்கில்தான் 'லண்டன் வழிகாட்டி'யை எழுதினார். வாரம் ஒரு பவுண்டில் லண்டனில் ஒரு மாணவர் வாழ முடியும் என்று அதில் வாதாடுகிறார். போட்ட முதலைக் குடும்பத்துக்கு இன்னும் திருப்பித் தர முடியாத ஒரு இளைஞர், அடுத்து வரும் மாணவர்களின் அண்ணன்மார்களுக்கு அந்தச் சுமை குறையட்டும் என்று எழுதியது போலத்தான் அது இருக்கிறது. அவர் வாழ்நாளில் அது அச்சேறவே இல்லை. இன்று அவருடைய எழுத்துகளின் முழுத் தொகுப்பில் முதல் தொகுதியில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும் நண்பர்கள் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். விலைகள்தான் பழசு!