கண்டிக் கோப்பித் தோட்டங்களும் கணக்கேடு காட்டிய மதிப்பும்

1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் தன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. 1842 இல் பம்பாயிலே தோன்றிப் பின்னர் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, 1851 இல் அரச பட்டயமும் பெற்ற இவ்வங்கி, அக்காலத்து இலங்கையில் ஏனைய வங்கிகளுக்கு முன்னின்றது. மலைநாட்டுத் துரைமார் தம் தோட்டங்களை ஈடுவைத்துக் கடன் பெற்றது இதனிடமே. இந்நாட்டிற் கைமாறிய நாணயத்தாள்களிற் பெரும்பகுதியும் இதனால் வெளியிடப்பட்டவையே. வங்கி முறிந்தது என்ற செய்தி பரவியதும் கையிலிருந்த தாள் செல்லுமோ செல்லாதோ என மக்கள் கலங்கினர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் இலண்டனின் அனுமதிக்குக் காத்திராது, அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பென அறிவித்தார். அவ்வாண்டிலேயே நாணயத்தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கம் சட்டத்தின் வாயிலாகத் தனதாக்கிக்கொண்டது. தேசாதிபதியின் துணிவை வரலாற்றாசிரியர் பலரும் பாராட்டுவர், அப்பாராட்டுத் தகுதியானதே. ஆயின் ஈண்டு ஆராயப்படுவது பிறிதொன்று. இம்முறிவிற்குக் காரணமான கோப்பித் தோட்டங்களின் தளர்ச்சியை அவற்றின் கணக்கேடுகளைக் கொண்டே முன்கூட்டி அறிந்திருக்கலாகாதா என்பதே வினா.

இவ்வினாவை இன்று எழுப்புவதற்கு இடந்தருவது, நிறுவனங்களின் நிதிநிலையைப் புள்ளியிட்டு அளக்கும் முறையாகும். 1966 இல் வில்லியம் பீவர் என்னும் அமெரிக்கர், முறிந்த 79 நிறுவனங்களையும் முறியாத 79 நிறுவனங்களையும் ஒப்பிட்டு, வியாபாரத்தால் வரும் காசு மொத்தக் கடனுக்கு எவ்வளவு விகிதம் என்பதே முறிவைச் சிறப்பாக முன்னறிவிக்கும் தனிவிகிதம் எனக் கண்டார். ஈராண்டின் பின், 1968 இல், நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் அல்ற்மன் ஒரு விகிதம் போதாது எனக் கருதி, ஐந்து விகிதங்களை வெவ்வேறு நிறையுடன் கூட்டி ஒரே புள்ளியாக்கினார். தொழிற்படு மூலதனம், வணிகத்திலேயே விட்டுவைத்த இலாபம், வட்டியும் வரியும் கழிக்குமுன் உள்ள இலாபம், விற்பனை ஆகிய நான்கும் மொத்தச் சொத்துடன் ஒப்பிடப்பட்டன. பங்குகளின் சந்தைப் பெறுமதி மொத்தக் கடனுடன் ஒப்பிடப்பட்டது. புள்ளி 2.99 இற்கு மேலாயின் நலம், 1.81 இற்குக் கீழாயின் ஆபத்து, இடைப்பட்டது ஐயத்திற்குரியது. அவர் எடுத்துக்கொண்ட 66 உற்பத்தி நிறுவனங்களில் முறிவுக்கு ஓராண்டு முன்னைய கணக்குகளைக் கொண்டு 95 வீதமானவை சரியாக இனங்காணப்பட்டன. ஈராண்டு முன்னைய கணக்குகளைக் கொண்டு நோக்கியபோது அது 72 வீதமாகக் குறைந்தது.

பங்குச் சந்தையில் இடம்பெறாதனவும் ஆலைத்தொழில் அல்லாதனவுமான நிறுவனங்களுக்கென அல்ற்மன் பின்னர் இன்னொரு வாய்ப்பாட்டை வகுத்தார். அதில் விற்பனை விகிதம் நீக்கப்பட்டது. சந்தைப் பெறுமதிக்குப் பதிலாக ஏட்டிலுள்ள உரிமையாளர் மூலதனம் கொள்ளப்பட்டது. எஞ்சிய நான்கு விகிதங்களும் முறையே 6.56, 3.26, 6.72, 1.05 என்பனவற்றாற் பெருக்கிக் கூட்டப்படும், 2.6 இற்கு மேற்பட்டது நலம், 1.1 இற்குக் கீழ்ப்பட்டது ஆபத்து. வங்கிகளுக்கு இவ்வளவைகள் பொருந்தா. ஆகவே ஓரியன்ரல் வங்கியை விடுத்து, அது கடன் கொடுத்த தோட்டத்தையே இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் முறையாகும்.

அதற்குமுன் தோட்டங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேட் என்பாரும், பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவவில் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸும் கோப்பி பயிரிட்டனர். 1835 இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை விதித்தபின், காடழித்துக் கோப்பி நடும் மோகம் தலைக்கேறியது. முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து ஷிலிங்குக்கு விற்கப்பட்ட காலம் அது. சிவில் சேவையினர், படைவீரர், நீதிபதிகள் ஆகியோர் யாவரும் துரைமாராயினர். அலுவலகத்தில் எவரேனும் எஞ்சியிருந்தனரா என வியக்கத் தோன்றும். 1847 இல் இங்கிலாந்தில் வணிக நெருக்கடி ஏற்பட, இலண்டனிற் கோப்பி விலை பாதியளவிற்குத் தாழ, பல தோட்டங்கள் இட்ட முதலின் சிறு பகுதிக்கு ஏலம் போயின. 1841 இல் நிறுவப்பட்டுத் தோட்டங்களின் மீது கடன் கொடுத்திருந்த அந்நாளைய இலங்கை வங்கியும் தளர்ந்து, ஓரியன்ரல் வங்கியாகப் பின்னர் வளர்ந்த நிறுவனத்தோடு இணைந்து மறைந்தது. இன்றுள்ள இலங்கை வங்கி 1939 இல் தோன்றியது. பெயர் ஒற்றுமையன்றி இரண்டுக்கும் தொடர்பில்லை. முறிந்த வங்கியை விழுங்கிய வங்கி, அதே மரங்களின் மீது அதே கடனைக் கொடுத்து 37 ஆண்டுகளின் பின் தானும் முறிந்ததென்பது கவனித்தற்குரியது.

இரண்டாம் முறிவு முதலாவதனின்றும் வேறுபட்டது. 1847 இல் வீழ்ந்தது விலை. 1869 இல் மடுல்சீமையிற் காணப்பட்டதோ இலைத்துரு நோய். இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய அப்பூஞ்சணத்துக்கு, பேராதனைப் பூந்தோட்டத்துப் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு இங்கிலாந்து அறிஞர் 'ஹெமிலியா வாஸ்ராற்றிக்ஸ்' எனப் பெயரிட்டனர். பாழாக்குவது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். நோய் வருமுன் ஏக்கருக்கு ஏறக்குறைய 4½ அந்தர் தந்த தோட்டங்கள் பத்தாண்டுக்குள் 2 அந்தர் அளவே தந்தன. இத்தகைய வீழ்ச்சி எந்த வணிகரையும் விழிப்படையச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. காரணம், அதே பத்தாண்டில் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறியமையே. விளைச்சல் குறைந்தும் பெற்ற பணம் குறையவில்லை. நோய் முதன்முதற் காணப்பட்டபோது ஏறக்குறைய 176,000 ஏக்கராயிருந்த கோப்பி நிலம் 1878 அளவில் 275,000 ஏக்கராக விரிந்தது. நோயுற்ற மரத்தின் குறையைப் புதுக்காடு அழித்து ஈடுசெய்தனர். அதற்கு வங்கி கடன் கொடுத்தது. 1878 ஒக்ரோபரில் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்து பிரித்தானியாவிற் கடன் இறுகியதும், பிரேசிற் கோப்பி பெருகி விலை இறங்கியதும், மறைந்திருந்த யாவும் வெளிப்பட்டன. மாஷல் வாட் என்னும் இளம் அறிஞர் 1880 முதல் ஈராண்டு இந்நோயை ஆராய்ந்து அதன் இயல்பைத் தெளிவாக்கினார். மருந்து கூற அவராலும் இயலவில்லை.

இனிப் புள்ளியிடலாம். அக்காலத் தோட்டமொன்றை ஒத்த கற்பனைத் தோட்டமொன்றைக் கொள்வோம். அதன் மொத்தச் சொத்து 100 என்க. அவற்றுள் நிலமும் மரமும் 80. கைச்சரக்கும் காசும் 12. தொழிலாளருக்குக் கொடுத்த முற்பணம் 8. முகவர் நிலையத்துக்கும் கூலிக்கும் உடன் கொடுக்கவேண்டியது 18, ஈட்டுக்கடன் 42, உரிமையாளர் மூலதனம் 40, அதில் விட்டுவைத்த இலாபம் 15. ஆண்டு இலாபம், வட்டிக்கு முன், 12. இத்தோட்டம் பெறும் புள்ளி 2.13. நலமென்று கூறமுடியாவிடினும் ஆபத்தென்றும் கூறமுடியாது. கடன் கொடுப்பவர் மேலும் சிறிது கொடுக்கலாம்.

இப்பொழுது ஐந்தொகையில் இரண்டு மாற்றங்களை மட்டுஞ் செய்வோம். நோயுற்ற மரத்தின் மதிப்பைப் பாதியாக்குவோம். திரும்பிவாரா முற்பணத்தை அழிப்போம். இலாபம் பழைய 12 ஆகவே இருக்கட்டும். மொத்தச் சொத்து 52 ஆகிறது. மூலதனம் கடனுக்குக் கீழே போய் 8 குறைவாகிறது. விட்டுவைத்த இலாபம் 33 நட்டமாக மாறுகிறது. புள்ளி பூச்சியத்துக்குக் கீழ் 1.41. தோட்டத்தில் ஓர் இலைகூட அதிகமாக உதிரவில்லை. ஏட்டிலிருந்த இரண்டு வரிகள் மட்டும் மாறின. இவ்விரு நிலையிலும் இலாப விகிதம் கூடியிருப்பதையும் மாணவர் நோக்குதல் வேண்டும்: 100 இற்கு 12 ஆயிருந்தது 52 இற்கு 12 ஆயிற்று. சொத்தை உண்மையான மதிப்புக்குக் குறைத்தவர் அவ்விகிதத்தில் மட்டும் திறமைசாலியாகத் தோன்றுகிறார்!

ஆகவே அல்ற்மனின் அளவை அந்நாளில் இருந்திருப்பினும், அது ஓரியன்ரல் வங்கியைக் காத்திராது. புதுக்காடு அழிக்கும் செலவை மூலதனத்திற் சேர்ப்பதும், மரத்துக்குத் தேய்மானம் கழியாது விடுவதும் அக்காலத்து வழக்கு. விலையேற்றத்தால் இலாபமும் உண்மையாகவே இருந்தது. பணத்தில் அளக்கும் எந்த விகிதமும் 4½ அந்தர் 2 அந்தரான கதையைச் சொல்லாது. தோட்டத்துப் பறிப்பேட்டைப் புரட்டினால் மட்டுமே அது தெரியும். அவ்வேட்டில் அந்தர்க் கணக்குத் தவறாது பதியப்பட்டது என்பதுதான் வருந்தத்தக்கது. கொழும்பு முகவரும் இலண்டன் வங்கியரும் பார்த்தது ஐந்தொகையை; கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பார்த்தது நிறுவைத் தராசை. இவ்விரு கணக்குகளும் ஒரே மேசையில் வைக்கப்படவில்லை.

முற்பணம் என்னும் அந்த 8 பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். தமிழ்நாட்டு ஊர்களினின்று மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தொழிலாளர், கப்பற் கூலிக்கும் வழிச்செலவுக்கும் கங்காணி கொடுத்த பணத்துக்குக் கடனாளிகளாகவே தோட்டத்திற் கால்வைத்தனர். பிற்காலத்தில் இக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அச்சீட்டிற் குறித்த தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்குத் தொழிலாளர் விடுவிக்கப்படுவர். ஆகவே ஏழை மனிதன் ஒருவனது கடன் ஒரு தோட்டத்தின் ஏட்டினின்றும் இன்னொரு தோட்டத்தின் ஏட்டுக்குச் சொத்தாக நகர்ந்தது. துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோப்பி வீழ்ந்த ஆண்டுகளில் நிகழ்ந்ததோ இதன் மறுபக்கம். தோட்டம் தொழிலாளருக்குக் கொடுக்கவேண்டிய கூலி மாதக்கணக்காக நிலுவையாகியது. தொழிலாளர் தோட்டத்துக்குக் கடனாளியென ஏட்டின் இடப்பக்கத்தில் எழுதியிருக்க, தோட்டம் தொழிலாளருக்குக் கடனாளியாயிற்று. ஈட்டுக்காரர் தோட்டத்தைக் கைப்பற்றி விற்றபோது அந்தக் கூலியைக் கேட்க எவருமில்லை. இக்கொடுமையே 1880களில், கூலியைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கும் சட்டத்தை இயற்றச் செய்தது.

பிற வங்கிகள் இதனின்று பாடம் கற்றனவா எனில், ஒருவாறு கற்றன. அவை நேரடியாகக் கடன் கொடாது, நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்குக் கொடுத்து, அவர் வழியாகச் சிறுவணிகருக்கும் தோட்டக்காரருக்கும் பணம் செல்லவிட்டன. எந்தச் செட்டியாருக்கு எவ்வளவு நம்பிக் கொடுக்கலாமென வங்கிக்குப் பிணைநின்று கூறியவர் சிறாப்பர். அவரது மதிப்பீடு எண்ணில் அமையாதது. குலம், கடை, கொடுத்த வாக்கு, கடந்த தவணை ஆகியவற்றைக் கூட்டி மனத்துள் இட்ட புள்ளி அது. 1925 இற் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்தபோது வங்கிகள் இம்முறையில் நம்பிக்கை இழந்து கடனைச் சுருக்கின. அதன் விளைவுகளை 1934 ஆம் ஆண்டின் இலங்கை வங்கி ஆணைக்குழு விரிவாக ஆராய்ந்தது.

கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. ஹேவாஹெற்றையை அடுத்த லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் நட்ட செடிகளே அதற்கு வித்து. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இற் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையின் கீழ் வந்தன. ஆண்டுதோறும் பயன்தரும் செடியைச் செலவுவிலையிற் பதிந்து தேய்மானம் கழித்தல் வேண்டுமென்பது 2016 முதல் சர்வதேசக் கணக்கீட்டு நியமமாயிற்று. கோப்பி மரத்தை ஏட்டில் என்றும் இளமையாக வைத்திருந்த பிழை இவ்வாறு ஒன்றரை நூற்றாண்டின் பின் நீங்கியது. ஆயினும் புதிய பொறுப்பொன்று வலப்பக்கத்திற் பெருகி நிற்கின்றது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு நிறைவேற்றிய நாட்கூலித் தொழிலாளர் ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் பதினான்கு நாட்கூலி பெறுதற்குரியர்; அதுவும் கடைசியாகப் பெற்ற கூலியின்படி. ஆகவே நாட்கூலி உயருந்தோறும் கடந்துபோன முப்பதாண்டு உழைப்புக்குரிய கடனும் ஒரே நாளில் உயர்கின்றது. கம்பனியின் புள்ளியைக் கணிப்பவர் இதனை மொத்தக் கடனிற் சேர்த்தாலன்றி நான்காம் விகிதம் பொய்யுரைக்கும்.

கண்டி, மாத்தளை மலைகளில் அரசின் கையில் எஞ்சிய தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் செலுத்தப்படாது நிலுவையாக நின்றமை பாராளுமன்றத்திற் பலமுறை பேசப்பட்டதாகும். அத்தோட்டங்களின் ஐந்தொகையை எடுத்து நோக்குபவர் முதலில் விரல்வைக்க வேண்டிய வரி அதுவே. அங்கே கடன் கொடுத்தோராய் இருப்பவர் வங்கியருமல்லர், பங்காளருமல்லர், ஓய்வுபெற்று லயத்துக் காம்பராவிற் காத்திருக்கும் கொழுந்து பறித்த பெண்களே.