பெரிங் நீரிணை: குறுகிய கடல், நீண்ட வழி

ஆசியாவின் கிழக்குக் கோடிக்கும் அலாஸ்காவுக்கும் இடையே பெரிங் நீரிணையின் அகலம் சுமார் 85 கிலோமீட்டர். நடுவிலுள்ள இரு டயோமீட் தீவுகளுக்கு இடையில் 4 கிலோமீட்டர்கூட இல்லை. சுக்சி, யூப்பிக் மக்கள் தோல் படகுகளில் இதைக் கடந்து வணிகமும் போரும் நடத்திவந்தனர். அப்படியிருந்தும் ரஷ்யக் கப்பலொன்று எதிர்க்கரையைக் கண்டது 1732இல்தான்.

தாமதத்துக்குக் காரணம் கடல் அல்ல, கடல்வரை வந்துசேரும் வழி. மாமன்னர் பீட்டரின் கட்டளைப்படி 1725இல் புறப்பட்ட விட்டஸ் பெரிங், நங்கூரம், கயிறு, பாய், இரும்பு அனைத்தையும் சைபீரியா முழுக்கச் சுமந்துசெல்ல வேண்டியிருந்தது. ஆறுகளில் படகு, காடுகளில் குதிரை, பனியில் மனிதரே இழுத்த சறுக்குவண்டி. வழியில் உணவு தீர்ந்து, செத்த குதிரைகளைத் தின்று உயிர்பிழைத்தவர்கள் உண்டு. 'புனித கேப்ரியல்' கப்பல் கம்சாத்காவில் கடலில் இறங்கியபோது 1728 ஆகிவிட்டது.

அந்த ஆகஸ்டில் பெரிங் நீரிணைக்குள்ளேயே நுழைந்தார். மூடுபனியில் அமெரிக்கா தென்படவில்லை. இன்னும் மேற்கே போய்ப் பார்க்கலாம் என்றார் துணைத் தளபதி சிரிக்கோவ். பனிக்காலத்தில் சிக்கிக்கொள்ள நேரும் என்று அஞ்சிய பெரிங், வட அகலாங்கு 67 பாகையைச் சற்றே தாண்டியதும் திரும்பினார். பிழைத்திருப்பதே பெரும்பாடாக இருந்த ஒருவரின் முடிவு அது. கோழைத்தனம் என்பது நியாயமாகாது.

செய்தி பரவாததும் தாமதத்தை வளர்த்தது. 1648இலேயே கோசாக்கான செமியோன் தேழ்னியோவ் கொலிமா ஆற்றிலிருந்து கிளம்பி ஆசியாவின் முனையைச் சுற்றிவந்திருந்தார். தந்தமும் மென்மயிரும் தேடி வந்தவருக்கு நிலப்படம் பெரிதாகப் படவில்லை. அவருடைய அறிக்கை யாகூத்ஸ்க் ஆவணக் கட்டில் முடங்கி, 1736இல்தான் வரலாற்றாளர் மில்லரின் கைக்குக் கிடைத்தது. 1732இல் அதே 'கேப்ரியல்' கப்பலில் அலாஸ்காவைக் கண்ட கிவோஸ்தேவின் செய்தியும் தலைநகரின் கவனத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

1741இல் பெரிங்கும் சிரிக்கோவும் இரு கப்பல்களில் அலாஸ்காவை எட்டினர். இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லருக்குக் கரையில் கிடைத்ததோ ஒரு பகலில் சில மணி நேரம்! திரும்பும் வழியில் ஆளற்ற தீவொன்றில் பெரிங் இறந்தார்.

தப்பியவர்கள் 1742இல் கடல் நீர்நாய்த் தோல்களுடன் கம்சாத்கா வந்தனர். சீனச் சந்தையில் அவற்றுக்கு நல்ல விலை. உடனே காட்சி மாறியது: மறு ஆண்டே வணிகர் படகுகள் கிளம்பின, 1745இல் அலூஷியன் தீவுகளை அடைந்தன, 1784இல் கோடியாக்கில் ரஷ்யக் குடியிருப்பு எழுந்தது. அந்த வேகத்துக்கான விலையை அலூஷியன் தீவுகளின் அலூத் மக்கள் தம் உயிரால் கொடுத்தனர்.