பழைய பெற்றோல் ஜீப்புக்கு எஞ்சின் வலு கூட்டலாமா? ஷரஃபியாவிலிருந்து ஒரு குடும்பக் கணக்கு

வியாழன் இரவு ஜித்தாவின் ஷரஃபியாவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அபூர்வம். மலையாளக் கடைகளும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளும் நிரம்பி வழியும். வார விடுமுறைக்கு யார் எங்கே போகிறார்கள் என்பதே அங்கே பேச்சு. தாயிப் என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி நிச்சயம் இதுதான்: "உங்கட வண்டி ஹதா மலை ஏறுமா?"

எங்கள் வட்டாரத்தில் பல குடும்பங்களிடம் இருப்பது இருபது வயது தாண்டிய பெற்றோல் ஜீப். ரொயோட்டா லாண்ட் குறூசர் அல்லது நிஸான் பட்ரோல். எட்டுப் பேர் ஏறலாம், ஏசி குளிரும், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். இந்தக் காரணங்களுக்காக மூன்றாம், நான்காம் கையாக வாங்குகிறோம். வாங்கிச் சில மாதங்களில் "வண்டி இழுக்குதில்லை" என்ற முறைப்பாடு தொடங்கும். பிறகு கராஜில் ஒருவர் சிப் என்பார், இன்னொருவர் ஹெடர் என்பார், வீட்டிலிருக்கும் இளையவர் கைப்பேசியில் டர்போ காணொளி காட்டுவார். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. நாங்கள் விசாரித்தவற்றையும் செய்து பார்த்தவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருகிறோம். காசைக் கொடுக்குமுன் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

வலு எங்கே போனது?

எங்களிடம் இருப்பது லாண்ட் குறூசர் 100 வரிசை, 4.5 லீற்றர், ஆறு சிலிண்டர். எஞ்சினின் பெயர் 1எஃப்இசட்-எஃப்இ. 1992இல் 80 வரிசையில் வந்து, 1998 முதல் 100 வரிசையிலும் தொடர்ந்தது. புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 215 குதிரைவலு. வண்டியின் எடையோ இரண்டேகால் தொன்னுக்கு மேல். ஆகவே முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இது பிறந்த நாளிலேயே ஓட்டப்பந்தய வண்டி அல்ல.

இரண்டாவது காற்று. டர்போ இல்லாத எஞ்சின் சுற்றியுள்ள காற்றை மட்டுமே குடிக்கிறது. ஜித்தாவில் 45 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் இருப்பதைவிட ஏறக்குறைய 9 விழுக்காடு குறைவு. ஹதா உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீற்றர். அங்கே காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெப்பத்தையும் சேர்த்தால் எஞ்சின் தன் வலுவில் கால் பங்கை இழக்கிறது. 215 இருந்தால் 160 மட்டுமே மிஞ்சும். அந்த 160 கொண்டு எட்டுப் பேரையும், கூரையில் கட்டிய சாமானையும், ஓடும் ஏசியையும் இழுக்க வேண்டும். இது நோயல்ல, இயற்பியல்.

மூன்றாவது ரயர். எங்கள் வண்டிக்கு நிறுவனம் போட்ட அளவு 275/70ஆர்16. முந்தைய உரிமையாளர் அழகுக்காக 285/75ஆர்16 போட்டிருந்தார். இதன் விட்டம் 5 விழுக்காட்டுக்கு மேல் பெரிது. ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்குக் கனத்துவிட்டது என்று பொருள். கூடவே ஒரு வம்பு: மீற்றர் 120 காட்டும்போது உண்மையில் 126இல் போய்க்கொண்டிருப்போம். சாஹிர் கமெராவுக்கு நம் மீற்றர் தெரியாது.

நான்காவது முதுமை. இதைத்தான் கராஜில் யாரும் முதலில் பார்ப்பதில்லை. மேம்படுத்தலில் வரும் வருமானம் பழுது பார்ப்பதில் வராது.

முதலில் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

கொம்பிரெஷன் பரிசோதனை. ஆறு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து அளப்பார்கள். இந்த எஞ்சினுக்குச் சுமார் 170 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், 130க்குக் கீழே போனால் தேய்மானம். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் இருக்கக்கூடாது. இதில் தோற்ற எஞ்சினுக்கு எந்த மேம்படுத்தலும் பொருந்தாது. கதையே அங்கே முடிகிறது.

புகை வழி. பழைய பிளக் வயரால் எரியாத பெற்றோல் பின்னால் போய்ப் போய் கற்றலைசரின் தேன்கூட்டை உருக்கி அடைத்துவிடும். வண்டி தாழ்ந்த வேகத்தில் நன்றாக ஓடும், மிதித்தால் மட்டும் மூச்சுத் திணறும். இன்ரேக் வெற்றிடத்தை அளந்தால் இது தெரிந்துவிடும்.

குளிர்விப்பு. றேடியேற்றரை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மண்ணும் பூச்சியும் இடுக்குகளில் சுவர் கட்டியிருக்கும். எஞ்சின் சூடாகும்போது விசிறி இறுகிச் சுழல வேண்டும். அதன் கிளட்சில் உள்ள சிலிக்கன் ஒயில் வற்றினால் சும்மா சுழலும். பின் ஹீற்றர் உள்ள 80 வரிசை வண்டிகளில், இன்ரேக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய ரப்பர் குழாய் வெயிலில் உளுத்து வெடித்து, எஞ்சினையே வேகவைத்த கதைகள் உலகம் முழுவதும் உண்டு. அதை மாற்றும் செலவு சிறிது, மாற்றாததன் செலவு ஒரு சிலிண்டர் ஹெட்.

இவற்றோடு பெற்றோல் அழுத்தம், ஒட்சிசன் சென்சர், வால்வு இடைவெளி, அக்சிலேற்றர் வயரின் தளர்வு, ஒட்டிப்பிடிக்கும் பிறேக். கால் முழுவதும் மிதித்தும் துரொட்டில் முழுவதும் திறக்காத வண்டிகளை நாங்களே கண்டிருக்கிறோம்.

கடையில் விற்கப்படும் வலு

பரிசோதனையில் தேறிய வண்டிக்கு என்னென்ன சொல்வார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

95 பெற்றோல்: எங்கள் எஞ்சினின் அமுக்க விகிதம் 9க்கு 1. இதற்கு 91 போதும். 95 என்பது அதிக வலு அல்ல, தட்டாமல் எரியும் குணம் மட்டுமே. 2021 யூலையில் சவூதியில் விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது 91 லீற்றர் 2.18 ரியால், 95 2.33 ரியால். 90 லீற்றர் அடித்தால் 13.50 ரியால் வித்தியாசம். தட்டல் ஒலி கேட்காத வண்டிக்கு அது வீண்.

காற்று வடிகட்டி: ஒயில் பூசிய பருத்தி வடிகட்டி காற்றைத் தாராளமாக விடும் என்பார்கள். தூசியையும் தாராளமாக விடக்கூடும். நம் ஊர்த் தூசி சிலிக்கா மணல், பிஸ்டன் வளையத்தை அரைத்துத் தின்னும். நிறுவனத்தின் காகித வடிகட்டியே இந்த மண்ணுக்குப் பொருத்தம்.

ஹெடரும் பெரிய புகைக்குழாயும்: உயர் சுழற்சியில் சிறிது பலன் உண்டு. ஆனால் மலை ஏற நமக்குத் தேவை தாழ்ந்த சுழற்சியின் இழுவை. குழாயை அளவுக்கு மீறிப் பெருப்பித்தால் அது குறையவும் செய்யும். சத்தம் கூடுவதை வலு கூடியதாக நம் காது எடுத்துக்கொள்கிறது.

சிப்: மெல்பேர்ணில் இருக்கும் உறவினர் தன் டீசல் ஜீப்புக்கு சிப் போட்டு கால் பங்கு வலு கூடியது என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அது டர்போ டீசல், அங்கே காற்றழுத்தத்தையே கணினி கூட்டிவிடும். டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினில் கூட்டுவதற்கு அழுத்தமே இல்லை. ஒருசில விழுக்காடு கிடைத்தால் அதிகம்.

டர்போ, சுப்பர்சார்ஜர்: உண்மையில் வலு தருவது இவைதான். உயரத்தில் இழந்த காற்றையும் திருப்பித் தரும். இந்த இரும்பு எஞ்சின் அதைத் தாங்கக்கூடியதும்கூட. ரொயோட்டாவின் பந்தயப் பிரிவான ரி.ஆர்.டி. அமெரிக்காவில் இதற்கு சுப்பர்சார்ஜரே விற்றது. நிஸான் பட்ரோலின் 4.8 லீற்றர் ரிபி48 எஞ்சினை டர்போ போட்டு அபுதாபியின் லிவா மணல்மேட்டில் ஏற்றும் காட்சிகளை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் அந்தப் பந்தய எஞ்சின்களின் உள்ளே பிஸ்டன் முதல் கம்பி வரை மாற்றப்பட்டிருக்கும். பெரிய இன்ஜெக்டர், பெற்றோல் பம்ப், தனிக் கணினி, அதைச் சரிசெய்யத் தெரிந்த கை எல்லாம் வேண்டும். அவை ஏறுவது சில நொடிகள். நாம் ஏறுவது பிள்ளைகளோடு, யூலை மாதத்தில், ஏசி போட்டுக்கொண்டு.

சூடும் பிறேக்கும்

பெற்றோல் எரியும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகும், மற்றது றேடியேற்றருக்கு. வலுவை 30 விழுக்காடு கூட்டினால் றேடியேற்றரின் சுமையும் அந்த அளவில் கூடும். ஒட்டோமற்றிக் கியர் ஒயிலும் அதனோடு கொதிக்கும். நிறுவனம் வைத்த குளிர்விப்பு அந்தக் கணக்கில் கட்டப்படவில்லை.

மேலும், ஹதா வீதியில் ஆபத்து ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். டர்போ ஒரு மீற்றர்கூட முன்னதாக வண்டியை நிறுத்தாது. பிறேக் திரவம் ஈரம் உறிஞ்சிப் பழையதாகியிருந்தால், வளைவுக்கு வளைவு மிதித்து இறங்கும்போது அது கொதித்து மிதி பஞ்சாகிவிடும். புதிய திரவம், நல்ல பிறேக் பட்டைகள், இறங்கும்போது இரண்டாம் கியர்: குடும்ப வண்டிக்கு முதல் மேம்படுத்தல் இவையே. கூட்டமும் சாமானும் அதிகமென்றால் ஸைல் வழியாகச் சுற்றிப் போகலாம், அந்த ஏற்றம் மென்மையானது.

காகிதமும் கடைசி நாளும்

இங்கே எஞ்சின் மாற்றுவதற்குப் போக்குவரத்துத் துறையான முரூரின் அனுமதி வேண்டும், இஸ்திமாராவில் பதிய வேண்டும். ஆண்டுதோறும் ஃபஹஸ் பரிசோதனையில் புகையும் பார்க்கப்படும், கற்றலைசரை வெட்டி எறிந்த வண்டி அங்கே மாட்டலாம். விபத்து நடந்தால், அறிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கவும் கூடும்.

நம் போன்றோருக்கு இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் நாம் நிரந்தரமில்லை. இறுதி வெளியேற்றம் எடுக்கும்போது வண்டி நம் பெயரில் இருக்க முடியாது, விற்றே ஆக வேண்டும். அதுவும் அவசரத்தில் விற்போம். டர்போ போட்ட பழைய ஜீப்பை வாங்க வரும் குடும்பத்தலைவர் யாருமில்லை, வருபவர் விலையைப் பாதியாக்குவார். 2017 யூலையில் தங்கியிருப்போர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய வரி, 2020 யூலையில் 400 ஆனது. ஒரு தலைக்கு ஆண்டுக்கு 4,800 ரியால். அதைக் கட்ட முடியாமல் மனைவி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனி அறைக்கு மாறியவர்கள் ஷரஃபியாவில் எத்தனை பேர்! எஞ்சினில் போடும் காசை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

கொம்பிரெஷன் நன்றாக இருந்து, வேறொரு வண்டி வீட்டில் ஓடிக்கொண்டிருந்து, மணலில் விளையாடவே இந்த ஜீப் என்றால், அனுமதியோடும் தேர்ந்த கையோடும் டர்போ போடலாம். போட்ட காசு திரும்பாது என்று தெரிந்து போட வேண்டும்.

வேலைக்கும் பள்ளிக்கும் தாயிப்புக்கும் இந்த ஒரே வண்டிதான் என்றால் வேண்டாம். இழந்ததை மீட்டெடுங்கள், இல்லாததைச் சேர்க்காதீர்கள். அப்போதும் வலு போதவில்லை என்றால் 4.7 லீற்றர் எட்டுச் சிலிண்டர் வண்டிக்கு மாறுவது, இதற்குள் காசு கொட்டுவதைவிட மலிவு.

எங்கள் வண்டியில் கற்றலைசர் அடைத்திருந்தது, விசிறிக் கிளட்ச் செத்திருந்தது. இரண்டையும் மாற்றி, ரயரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். ஹெடரும் சிப்பும் சொன்ன கராஜ் இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. இப்போது ஹதாவில் இரண்டாம் கியரில், வெப்ப முள் அசையாமல் ஏறுகிறோம். கம்ரி கார்கள் எங்களைக் கடந்து போகத்தான் செய்கின்றன. மகனுக்கு அது கொஞ்சம் மனவருத்தம். டர்போவுக்கென்று ஒதுக்கிய காசு அவனுடைய முதல் பருவப் பல்கலைக்கழகக் கட்டணமாகப் போய்விட்டது என்பதை அவனும் அறிவான்.