படகை இழுத்த பாதை

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஆறு தெரியும், ஈயக் குட்டை தெரியும். ஏரி என்பது மட்டும் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததுதான். பள்ளி விடுமுறையில் ஒருநாள், நாங்கள் சில குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு, பகாங் மாநிலத்திலுள்ள தாசேக் பெராவுக்குப் போய் வந்தோம். இன்றைய பேச்சு அந்த ஒருநாள் பொழுதில் பிறந்தது.

தாசேக் பெரா, தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சொல்வார்களே, கரை கட்டி மதகு வைத்த ஏரி, அதுபோல எண்ணிக்கொள்ளக் கூடாது. இதற்குக் கரை எது என்றே கண்டுபிடிக்க முடியாது. ரசாவ் என்னும் தாழையினப் புதரும் கோரையும் தண்ணீருக்குள்ளேயே மண்டிக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே சந்து சந்தாக நீர்வழிகள் போகின்றன. தண்ணீர் கோப்பி-ஓ நிறம். அழுக்கென்று நினைத்துப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். காலங்காலமாக இலையும் சருகும் ஊறி இறங்கிய சாயம் அது. கையில் அள்ளிப் பார்த்தால் தேயிலைத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

நாங்கள் ஏறிய படகுக்கு ஜாலூர் என்று பெயர். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான்; எங்களில் சற்றுப் பருமனான ஒருவர் ஏறியதும் அது மூன்று விரலாயிற்று. துடுப்புப் போட்டவர் செமலாய் இனத்துப் பெரியவர். "ஆடாமல் உட்காருங்கள், படகுக்கு வழி தெரியும்" என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற ஓசை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

செமலாய் மக்கள் பூர்வகுடியினரில் ஒரு பிரிவினர். அவர்களுடைய மொழி மலாய் அன்று. மோன்-கெமர் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மீன்பிடித்தும் பிரம்பு வெட்டியும் பிழைத்த அவர்களுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அது குருயிங் மரத்து எண்ணெய் எடுப்பது. அடிமரத்தில் ஒரு குழி வெட்டி, அதில் நெருப்பு வைத்துச் சற்று நேரத்தில் அணைத்துவிடுவார்களாம். பிறகு குழியில் எண்ணெய் ஊறி நிற்கும். பந்தத்துக்கும் அதுதான், படகின் வெடிப்பை அடைக்கவும் அதுதான். முப்பது ஆண்டு பால்வெட்டிய அம்மா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். இதைக் கேட்டதும், "மரம் செத்துப் போகாதா?" என்றார். "வெட்டத் தெரிந்தவன் வெட்டினால் சாகாது" என்றார் பெரியவர். அம்மா தலையசைத்துக்கொண்டார். பட்டையில் காயம் படாமல் கத்தி பிடிப்பதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த ஏரியின் தண்ணீர் பெரா ஆறாக வடக்கே ஓடி, பகாங் ஆற்றில் கலந்து, பெக்கானில் தென்சீனக் கடலைச் சேருகிறது. அதே பெரா ஆற்றில் வந்து விழும் இன்னோர் ஆறு செர்த்திங். அது நெகிரி செம்பிலானிலிருந்து வருகிறது. பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஜெம்போல் வட்டாரத்தில் ஓரிடத்தில் செர்த்திங் ஆறும் ஜெம்போல் ஆறும் மிக நெருங்கி வருகின்றன. நடுவிலுள்ள நிலம் அரை மைல்கூட இராது. ஆனால் ஜெம்போல் ஆற்றுத் தண்ணீர் மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அந்தச் சிறு நிலத்தைத் தாண்டிவிட்டால் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் படகிலேயே போய்விடலாம்!

எப்படித் தாண்டினார்கள்? படகைத் தரையில் இழுத்துக்கொண்டே போனார்கள். 'தாரிக்' என்றால் இழு என்று நம் எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துக்குப் பெனாரிக்கான் என்று பெயர் வந்தது அதனால்தான். 1511-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, சுல்தான் மஹ்மூத் ஷா மூவார் ஆற்றுப் பக்கம் பின்வாங்கி, இந்தப் பாதையாகவே பகாங் போனார் என்று செஜாரா மெலாயு என்னும் நூல் கூறுகிறது. சுல்தானின் பெயர் ஏட்டில் நின்றது. படகை இழுத்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இது நமக்கு வியப்பாக இல்லை.

ஏனென்றால் இந்தப் பாதையை ஓய்வுபெற வைத்தவை இரயிலும் சாலையும். 1910-இல் கெமாஸிலிருந்து பகாவ் வரை தண்டவாளம் வந்தது. பிறகு அது வடக்கே நீண்டு, 1931-இல் கிளந்தானின் தும்பாட் வரை முழுமையாயிற்று. மலாயாவின் இரயில் பாதைகளில் மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இதே கிழக்குக்கரைப் பாதையின் ஒரு பெரும் பகுதியைப் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண இரயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தண்டவாளத்தைப் போலவே நம் தோட்டங்களிலிருந்து ஆட்களும் போனார்கள். எத்தனை வீட்டில் தாத்தா திரும்பவில்லை என்பதை நேயர்களே அறிவீர்கள்.

அவசரகாலம் 1948-இல் தொடங்கியது. நம்மை முள்வேலிக்குள் வைத்தார்கள். பூர்வகுடியினர் பலரையும் காட்டிலிருந்து பெயர்த்துப் புதிய இடங்களில் குடியமர்த்தினார்கள். பின்னாளில் ஏரியைச் சுற்றிலும் செம்பனை வந்தது. 1994-இல் தாசேக் பெரா, மலேசியாவின் முதல் ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மேட்டிலிருந்து மழையில் கரைந்து வரும் உரமும் மண்ணும் அறிவிப்பைப் படித்துவிட்டா நிற்கும்?

"இந்தக் காடு யாருடையது?" என்று எங்கள் பையன் ஒருவன் பெரியவரைக் கேட்டுவிட்டான். அவர் கொஞ்சம் யோசித்தார். "என் பாட்டன் துடுப்புப் போட்ட இடம். காகிதம் இல்லை" என்றார். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டைக் காலி செய்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் கரை சேர்ந்தோம். ஜாலூரை மேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. நாங்களும் கைகொடுத்தோம். ஆறுபேர் மூச்சுப்பிடித்து இழுத்தும் பத்தடிதான் நகர்ந்தது. "அந்தக் காலத்தில் இதில் மூட்டையும் இருந்திருக்குமே!" என்றார் பருமனான நண்பர், வேர்வையைத் துடைத்தபடி.