கொல்லிமலையில் பிராண்டு குடும்பத்தாரின் அறப்பணி

இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஜெசி பிராண்டு (1885–1929), அவர் துணைவியார் ஈவ்லின் (1879–1974) என்னும் ஆங்கிலேய கிறித்தவ ஊழியர்கள் 1913-இல் தொடங்கிய மருத்துவ, கல்வி, வேளாண் பணிகளும், அவற்றின் வழியில் அவர்கள் மகன் பால் பிராண்டு வேலூரில் தொழுநோயாளருக்குச் செய்த பணியும் இப்பெயரில் அடங்கும்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கேட்டவர்க்குக் கொடுப்பதை ஈகை என்றும், பிறர்க்கு எது தேவை என அறிந்து உதவுவதை ஒப்புரவு என்றும் தமிழ் மரபு பிரித்துப் பேசும். திருக்குறளில் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. தன் நலத்துக்கு முன் பிறர் நலத்தை நாடுமாறு பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதும் இந்த இரண்டாம் வகையையே சாரும்; பிராண்டு குடும்பத்தாரின் பணியும் அத்தகையதே.

சேலம் சமவெளியில் இலண்டன் மிஷன் 1827-இலேயே ஊழியம் தொடங்கிவிட்டபோதிலும், மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி மேலே சென்று தங்கியோர் அரியர். இலண்டனில் ஓராண்டு வெப்பமண்டல மருத்துவம் பயின்று 1907-இல் இந்தியா வந்த ஜெசி, 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் ஈவ்லினை மணந்து, அவருடன் மலைமேலுள்ள வாழவந்தியில் குடியேறினார். நற்செய்தி சொல்ல வந்தவர்களின் பேச்சை மலையாளிப் பழங்குடியினர் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவரும் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆயினும் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து தருவதைத் தம்பதியர் நிறுத்தவில்லை. ஏற்பாரா மறுப்பாரா என்று பாராமல் கொடுத்த இந்த ஆண்டுகளே அப்பணியின் உயர்ந்த பகுதி எனலாம்.

அக்காலத்தில் அங்கு மிகுந்திருந்த நோய் நரம்புச்சிலந்தி. ஏறக்குறைய மூன்றடி நீளம் வளரும் ஒருவகைப் புழு காலில் கொப்புளமாகிப் புறப்பட, அதன் நுனியைச் சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி நாளுக்குச் சிறிது சிறிதாக இழுத்து எடுப்பார் ஜெசி. அறுந்தால் உள்ளே சீழ்பிடிக்கும். ஒரு காலைக் குணப்படுத்துவதால் ஊர் பிழைக்காது. புண்ணுள்ளவர் கிணற்றுக்குள் இறங்கி நிற்கையில் புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, நுண்ணிய நீர்த்தெள்ளின் உடலில் வளர்ந்து, அந்நீரைக் குடிப்பவரைச் சேர்கின்றன. எனவே யாரும் கால் வைத்து இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப வேண்டும் என்பதை ஊராருக்கு எடுத்துரைப்பதும் ஊழியத்தின் பகுதியாயிற்று. தச்சு, பட்டுப்புழு வளர்ப்பு போன்ற கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன.

முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலில் நோயாளிகளைத் தொட உறவினரே அஞ்சியபோது, தம்பதியர் அண்டாவில் கஞ்சி காய்ச்சி வீடுவீடாகச் சென்று ஊட்டினர். எதிர்த்துவந்த பூசாரியும் அந்நோயிலேயே இறந்தார். இறக்குமுன் தம் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

ஜெசி 1929 ஜூனில், மலேரியாவின் கடுமையான வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் மறைந்தார். 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால், கட்டுமானத் தொழிலும் பின்னர் மருத்துவமும் கற்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி. ஆனால் நிமிர்ந்த கையோடு திரும்பியவருக்கு முன்போல் பிச்சை கிடைக்கவில்லை. பழைய அச்சத்தால் வேலை தரவும் ஆளில்லை. கையைச் சீராக்கியதோடு கடமை முடியவில்லை என்று உணர்ந்த பால், நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பை அமைத்து, அங்கே தச்சும் மரப்பொம்மை செய்தலும் கற்பித்தார். உணர்விழந்த அக்கைகளில் புதிய காயம் உண்டா என்று நாள்தோறும் பார்க்கப்பட்டது; விரல்கள் அழிவதற்கு நோய் மட்டுமன்று, வலி தெரியாமையும் காரணம் என்பது அங்கே தெளிவாயிற்று.

எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஈவ்லின், ஊர் திரும்பாமல் தனியாகவே மலையேறினார். இடுப்பெலும்பு முறிந்த பின்னும் இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தும், மட்டக்குதிரையில் ஏறியும் மலைமலையாகச் சென்று மருந்தளித்து, 1974 டிசம்பரில் 95-ஆம் வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.