பதிவும் பகையும்: சுதேசிக் கப்பல் கம்பெனியும் 1882ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும்

முன்னுரை

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் கப்பல் முயற்சி பெரிதும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் பகுதியாகவே பேசப்படுகிறது. அது அரசிடம் முறையாகப் பதிவுபெற்ற வணிக நிறுவனம் என்பதும் கருதத்தக்கது. ஆங்கில ஆட்சி இயற்றிய சட்டம் அம்முயற்சிக்கு எவ்வளவு துணைநின்றது, எங்கே துணைநிற்கவில்லை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் கூட்டுப் பங்குக் கம்பெனிகளைப் பதிவுசெய்வதற்கான முதற்சட்டம் 1850இல் இயற்றப்பட்டது. பங்குதாரரின் பொறுப்பை வரையறுத்துக்கொள்ளும் உரிமை 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்தது எழுவர் அமைப்பு முறையேட்டில் கையொப்பமிட வேண்டும். கம்பெனியின் பெயர், பதிவு அலுவலகம் அமையும் மாகாணம், நோக்கம், பொறுப்பின் வரையறை, முதலின் அளவு ஆகியன அதில் இடம்பெறும். பதிவாளர் சான்றிதழ் வழங்கியதும் கம்பெனி சட்டத்தின் பார்வையில் தனியாளாகிவிடும். உறுப்பினர் மாறினும் மறையினும் அது தொடரும்.

பதிவும் பங்கு முதலும்

தூத்துக்குடி – கொழும்பு கடல்வழி வணிகத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆதிக்கம் செலுத்திவந்தது. அதற்கெதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவுசெய்யப்பட்டது. முதல் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய் அளித்து 8,000 பங்குகளை ஏற்றார். ஆசியர்க்கே பங்கு என்னும் விதி சுதேசியக் கொள்கையைக் கம்பெனியின் அமைப்பிலேயே பதித்தது. ஒரு பங்கு வாங்கியவர் இழக்கக்கூடியது 25 ரூபாய்க்கு மேற்படாது. ஒருவரையொருவர் அறியாதோரும் ஒரே முயற்சியில் பணமிட இந்த வரையறையே வழிசெய்தது. இவ்வாறு திரண்ட முதலால் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வாங்கப்பட்டன.

முடிவுரை

பதிவு, சட்டத்தின்முன் போட்டிக் கம்பெனிக்கு நிகரான தகுதியை வழங்கியது. கட்டணக் குறைப்புப் போட்டியிலிருந்தோ அதிகாரிகளின் பகையிலிருந்தோ காப்பளிக்கவில்லை. 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதுசெய்யப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தனிமனிதரைச் சாராது நிலைப்பது கம்பெனி என்பது சட்டத்தின் கூற்று. ஆயின் பங்குகளை விற்றுத் தந்த நம்பிக்கை ஒரு மனிதரையே பெரிதும் சார்ந்திருந்தது. அவர் சிறைப்பட்டபின், சான்றிதழால் அந்நம்பிக்கையை ஈடுசெய்ய இயலவில்லை. ஆகவே, சுதேசி இயக்க ஆய்வில் மேடைப் பேச்சுகளுக்குத் தரப்படும் இடம், கம்பெனிப் பதிவு ஆவணங்களுக்கும் தரப்பட வேண்டும்.