சம்மதம்தானா? - நாகப்பட்டினம் டெப்போவிலிருந்து மியாவாடி வரை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவங்க டீ எடுத்துக்கிட்டு வாங்க. இல்லாதவங்க நேரா கடைசி நாலு பத்திக்குப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

தஞ்சாவூர்க்காரன்னு சொன்னாலே நம்மாளுங்க பெரிய கோயில், பொன்னியின் செல்வன், கடாரம் கொண்டான்னு ஆரம்பிச்சுடுவாங்க. ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியது 1025 வாக்கில். அதே கடாரத்துக்கு, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவுக்கும் அதன் பக்கத்து ஊர்களுக்கும், எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் கழித்து இதே கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போனவர்களைப் பற்றி யாரும் மார்தட்டிக்கொள்வதில்லை. போனவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்கள். கரும்பு வெட்டவும், காப்பித் தோட்டத்துக்கும், பிறகு ரப்பர் பால் எடுக்கவும் போனவர்கள். புறப்பட்ட முக்கியத் துறைமுகம் நாகப்பட்டினம். (1991 வரை நாகையும் தஞ்சாவூர் மாவட்டம்தான், அதனால நம்ம ஊர்க் கதைன்னு சொல்லிக்கிற உரிமை எனக்கு இருக்கு.)

இதுக்கு முன்னாடியே ஒரு அத்தியாயம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது 1658ல். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் பீஜப்பூர் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து தஞ்சைச் சீமையைச் சூறையாடின. சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் படாவியாவுக்கும் ஏற்றி அனுப்பியது. சோழ நாடு சோறுடைத்துன்னு நாம சொல்லிக்கிற அதே ஊர். அதை அடிமை வியாபாரம் என்று சொல்ல யாருக்கும் தயக்கம் கிடையாது. குழப்பமே அதற்கப்புறம்தான், எல்லாம் 'சம்மதத்தோடு' நடக்க ஆரம்பித்த பிறகு.

1870ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் வேலை பார்த்த ஹாத்தவே என்ற ஆங்கில அதிகாரி மதராஸ் அரசாங்கத்துக்கு ஒரு புகார் அனுப்புகிறார். பினாங்குக்குப் போகும் ஆட்களில் பலர் கடத்தப்பட்டவர்கள், இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள் என்பது சாரம். மேலிடம் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தன. அந்த வருஷம் லண்டன் காலனி அலுவலகத்தின் கீழ் போய்விட்டன. அப்படியென்றால் சட்டப்படி அவை வெளியூர். ஆனால் கூலியாட்கள் போகலாம் என்று அனுமதித்த வெளியூர்ப் பட்டியலில் அவை இல்லை. மூன்று வருஷமாக நடந்த அத்தனை பயணமும் சட்டவிரோதம்! சர்வரை மாத்திட்டு கான்ஃபிக் ஃபைலை அப்டேட் பண்ண மறந்த கதைதான்.

உடனே தடுத்தார்கள். தோட்ட முதலாளிகள் குய்யோ முறையோ என்றார்கள். 1872ல் விலக்கு கொடுத்து மறுபடி கதவைத் திறந்தார்கள், 1877ல் தனிச் சட்டம் வந்தது. டெப்போ, பதிவேடு, புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் என்ற அதிகாரி (புலம்பெயர்வோரின் காவலர்னு வச்சுக்கலாம்) எல்லாம் அமைந்தன. ஒப்பந்தம் புரிகிறதா, தன் விருப்பத்தில்தான் போகிறானா என்று கப்பலேறும் முன் ஆளை நிற்கவைத்துக் கேட்கவேண்டும். கேள்வி புதுசு இல்லை. மொரீஷியசுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் 1837ல் போட்ட முதல் சட்டத்திலேயே, ஆளும் ஏஜென்ட்டும் ஒப்பந்தத்தோடு ஓர் அதிகாரி முன்னால் வந்து நிற்கவேண்டும் என்று இருக்கிறது.

சரி, அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும்? முன்பணம் வாங்கியாச்சு, கடனைக் கொஞ்சம் அடைச்சாச்சு, ஊரில் சொல்லிக்கொண்டு கிளம்பியாச்சு. டெப்போவில் துரை கேட்கிறார். "ஆமாங்க சாமி, இஷ்டப்பட்டுத்தான் போறேன்." வேற என்ன சொல்வான்?

இந்த இடத்தில் கங்காணி வருகிறார். சஞ்சிக்கூலி முறை (ஒப்பந்தக் கூலி, மலாய் 'ஜஞ்சி'யிலிருந்து வந்த பெயர்) மலாயாவில் 1910ல் முடிந்துபோனது. அதற்கு முன்பே கங்காணி முறை அதை ஓரம்கட்டிவிட்டது. கங்காணி வெளியாள் இல்லை. பத்து வருஷம் முன்னால் இதே தெருவிலிருந்து போனவன். கோட்டும் குடையுமாக வந்து இறங்குவான். நம்ம சாதி, நம்ம உறவு, மாமன் மச்சான் முறை. அவன் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. அவன் கூட்டிப் போன ஒவ்வொரு ஆளும் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு என்பதைத் தெருவில் அவன் சொன்னதும் இல்லை.

சட்டத்தின் கண்ணுக்கு இந்த ஆட்கள் ஒப்பந்தம் இல்லாத சுதந்திரப் பயணிகள். ஒப்பந்தக் கூலிக்காகப் போட்ட காவல் இவர்களுக்குக் கிடையாது. இதை நினைவில் வச்சுக்குங்க, பின்னாடி வருது.

இலங்கைத் தோட்டங்களில் இன்னும் அழகு. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் அவனைக் கூட்டிப் போகலாம் என்று ஒரு தோட்டம் எழுதிக்கொடுக்கும். கடன் கைமாறினால் ஆளும் கைமாறுவான். 1921ல்தான் ஒழித்தார்கள். கப்பல், ரயில், சோறு எல்லாம் போனவன் கணக்கிலேயே கடனாக ஏறியிருக்கும். எவ்வளவு என்பது கணக்கெழுதிய கங்காணிக்குத்தான் தெரியும்.

1922ல் புது எமிகிரேஷன் சட்டம் வந்தது. கங்காணிக்கு லைசென்ஸ், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, கிராம முன்சீப் கையெழுத்து என்று முறைகள் இறுகின. காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு, ஊர்லயே சோதனை. ஆனால் காவிரிப் படுகையில் முன்சீப் யார்? பெரும்பாலும் நிலம் வைத்திருந்த குடும்பத்து ஆள். பண்ணையாள் கப்பலேறினால் நடவுக்கு ஆள் குறைவது அவர் வயலில், அல்லது அவர் மச்சான் வயலில். அவர் மறுத்தால் அது அந்த ஆளைக் காப்பாற்றவா, பண்ணையைக் காப்பாற்றவா? இதனால்தான் 'போகவே கூடாதுன்னு தடுத்திருக்கணும்' என்று சிலர் எழுதும்போது எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. சவுக்கடியிலிருந்தும் சாணிப்பாலிலிருந்தும் தப்பிக்க பண்ணையாளுக்கு இருந்த ஒரே கதவு நாகப்பட்டினம். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே 1952ல்தான் வந்தது. ரப்பர் விலை சரிந்து தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தபோது, 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் கதவு மூடியதும் பண்ணையாள் திரும்ப எங்கே போனான் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.

நூறு வருஷத்து விஷயத்தை நாலு பத்தியில் அமுக்கியதற்கு வரலாற்று ஆர்வலர்கள் மன்னிக்க. எனக்குத் தேவையான புள்ளி ஒன்றுதான். ஆள் பிடிப்பது தெருவில் நடக்கிறது. எச்சரிக்கை துறைமுகத்தில் கிடைக்கிறது. நடுவில் கடன் விழுந்துவிடுகிறது.

இப்ப இந்தக் காலத்துக்கு வருவோம். இப்போதிருக்கும் எமிகிரேஷன் சட்டம் 1983ல் வந்தது. புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் என்ற பதவிப் பெயர் கூட மாறவில்லை. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து என்று ஒரு பட்டியல். பத்தாம் வகுப்பு தேறாதவர் அங்கே வேலைக்குப் போக அவரிடம் அனுமதி வாங்கணும். 2018லிருந்து மத்திய அரசு இவர்களுக்காகப் புறப்படுவதற்கு முன் ஒரு நாள் பயிற்சி நடத்துகிறது. போகிற நாட்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் என்ன இருக்கணும், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் சொல்லித்தருகிறார்கள். நல்ல காரியம், கிண்டல் பண்ணவில்லை. தமிழ்நாடு அரசும் 2021ல் முன்பயணப் புத்தாக்கப் பயிற்சியை மாவட்டங்களில் நடத்தப்போவதாக அறிவித்தது.

பத்தாவது தேறினவனுக்கு? அனுமதி வேண்டாம், அதனால் பயிற்சியும் வேண்டாம். படிப்பு இருக்கு, பார்த்துக்குவான் என்று நம்பிக்கை. ஸ்டூடண்ட் விசாவில் போகிறவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். கங்காணியோடு போனவரைச் 'சுதந்திரப் பயணி' என்று விட்ட அதே கணக்கு.

2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் மியான்மருக்குள் கடத்துகிறார்கள், குறி வைப்பது ஐ.டி. தெரிந்த இளைஞர்களை என்று. பாங்காக்கில் இறக்கி, மே சோட் வரை காரில் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடந்தால் மியாவாடி. பாஸ்போர்ட் போய்விடும். ஆன்லைனில் அடுத்தவனை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி, வெளியேற வேண்டுமானால் பணம். அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2023ல் ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்றது. சிக்கியவர்களில் பலர் பட்டதாரிகள் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இந்தியா திரும்பியவர்கள் 549 பேர்.

இவர்களை ஏர்போர்ட்டில் நிறுத்தி "சம்மதம்தானா?" என்று கேட்டிருந்தால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்தியா 2011ல் ஏற்றுக்கொண்ட பலெர்மோ உடன்படிக்கை (2000) இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் கணக்கில் வராது, அது ஆள்கடத்தல்தான். 1837லிருந்து கேட்டுவந்த கேள்வி தப்பான கேள்வி என்று ஒப்புக்கொள்ள உலகத்துக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எங்க சித்தி பையன் ஒருத்தன், ஒரத்தநாடு பக்கம். பி.இ. முடித்து ஒன்றரை வருஷம் சும்மா இருந்தான். 2023ல் 'பாங்காக், கஸ்டமர் சப்போர்ட், மாசம் எண்பதாயிரம்' என்று ஓர் ஆஃபர் லெட்டரை அனுப்பி, "அண்ணா, இதுல டாக்ஸ் எவ்வளவு பிடிப்பாங்க?" என்றுதான் என்னிடம் கேட்டான். லெட்டரில் கம்பெனிக்கு முகவரி இல்லை. இணையதளத்தின் டொமைன் பதிவாகி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. விசா எங்கேடா என்றால், "அங்க போய் இறங்கினதும் டூரிஸ்ட் விசா எடுத்துக்கலாமாம், அப்புறம் கம்பெனி மாத்திக்குமாம்." இதை முடித்துக்கொடுத்தவன் யார் தெரியுமா? அவன் காலேஜ் சீனியர், ரெண்டு வருஷம் மூத்தவன், பக்கத்து ஊர். கோட்டும் குடையும்தான் இல்லை. மியாவாடி மாதிரி இடங்களில் சிக்கினவனையே இன்னும் ஆள் கொண்டுவரச் சொல்லி நெருக்குவது உண்டு என்பதால், அந்தச் சீனியரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒரு நாள் பயிற்சியில் சொல்லித்தருவது எதுவும் இவனுக்குப் புரியாத விஷயம் இல்லை. டூரிஸ்ட் விசாவில் வேலை கிடையாது. ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு எண் இருக்கணும், வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. பத்து நிமிஷப் பேச்சு. அதை ஃபைனல் இயர் வகுப்பில், பிளேஸ்மென்ட் கவலை தொண்டையை அடைக்கும் நேரத்தில் யாராவது சொல்லியிருக்கணும். தஞ்சாவூரைச் சுற்றி எத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு! ரெஸ்யூம் எழுதுவது, டை கட்டுவது எல்லாம் சொல்லித்தருகிறார்கள். என்னைக் கேட்டால் அடகுக்கடை கவுன்ட்டரிலும் நகைக்கடன் கொடுக்கிற பேங்கிலும் கூட ஒரு நோட்டீஸ் ஒட்டணும். டெல்டாவில் வெளிநாட்டுப் பயணம் தொடங்குவது அங்கேதான். வீட்டில் சங்கிலியைக் கழற்றிய பிறகு யார் எச்சரித்தாலும் காதில் ஏறாது.

இவன் போகவில்லை. நாலு நாள் சண்டைக்குப் பிறகு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினான். இப்போது திருச்சியில் வேலை, சம்பளம் அந்த எண்பதில் கால்வாசி. முன்பணமாகக் கட்டிய எழுபதாயிரம் திரும்பவில்லை, சீனியரின் நம்பரும் ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பணத்துக்காக அடகு வைத்த சங்கிலிக்கு சித்தி இன்னமும் மாசா மாசம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.